தலை ஐந்து கிலோ, கால் ஒன்று

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. என் தலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, உள்ளே அவ்வளவு சரக்கு கிடையாது என்பது என் மனைவியின் கட்சி. ஆனாலும் எலும்பு, தோல், மூக்குக்கண்ணாடி, வீட்டுக்கடன் தவணையைப் பற்றிய நினைவு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எனக்கும் 5 கிலோ தேறும் என்றே நம்புகிறேன்.

இந்தத் தலை, முதுகெலும்பின் உச்சியில், இரண்டு காதுகளுக்கும் நடுவே வருகிற ஒரு மூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நட்டநடுவில் இல்லை. பாரம் மூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது. லண்டன் பாதாள ரயிலில் காலையில் உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களைப் பாருங்கள், தலை பெரும்பாலும் மார்பை நோக்கித்தான் சரியும். விழித்திருக்கும் நேரத்தில் அதைச் சரியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பிடரித் தசைகள். நாள் முழுக்க, சம்பளம் இல்லாமல். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பாலே கற்றுக்கொள்ளப் போனதால்.

சிரிக்காதீர்கள். வீட்டில் சிரித்தாகிவிட்டது.

காரணம் ஒரு செய்தி. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிச் சோதித்து, பிறகு பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்துவந்திருக்கிறார்கள். முடிவு 2022-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. நிற்க முடியாதவர்கள் அந்த ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு, நின்றவர்களைவிட 84 சதவீதம் அதிகம். ஒற்றைக் காலில் நிற்காததால்தான் சாகிறார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நிற்க முடியாமைக்குப் பின்னால் வேறு நோய்நொடிகள் இருக்கலாம். ஆனால் இந்த நுணுக்கமெல்லாம் எங்கள் சமையலறைவரை வந்துசேரவில்லை. மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்கச் சொன்னாள்.

"என்னங்க, இன்னும் நாலுகூட எண்ணல, அதுக்குள்ள காலைக் கீழ வச்சுட்டீங்க!"

"நீ மெதுவா எண்ற."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வையில், இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற கேள்வி இருந்தது.

மகளுக்குப் போன் போனது. அவள் சின்ன வயதில் பாலே படித்தவள். நாங்கள் இருக்கும் பிரிட்டனில் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் என்று ஒன்று உண்டு, 1920-ல் தொடங்கியது. அவர்கள் 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 'சில்வர் ஸ்வான்ஸ்' என்று பாலே வகுப்புகளை நடத்துகிறார்கள். அதே பாணியில் எங்கள் வட்டாரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் நடக்கும் வகுப்பில் என் பெயரை அவள் எழுதிவைத்துவிட்டாள். வெள்ளி என்ற தகுதி என் தலைமுடிக்கு எப்போதோ வந்துவிட்டது. அன்னத்துக்குக் கழுத்து வேண்டும். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

"பயப்படாதீங்கப்பா, மொதல்ல கம்பியப் பிடிச்சுட்டுத்தான் எல்லாம்" என்றாள்.

உண்மைதான். சுவரோரம் இடுப்புயரத்தில் ஒரு கம்பி. 'பார்' என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை நான் பிரெஞ்சு அரண்மனையில் பிறந்தவன். ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் ஒட்டிக்கொண்டு, பியானோவுக்கு ஏற்பப் புருவத்தைக்கூட உயர்த்தினேன். பிறகு ஆசிரியை, கையைக் கம்பியிலிருந்து எடுங்கள் என்றார். அரண்மனை போயிற்று.

ஆடுகிற உடம்பு முதலில் செய்கிற காரியம், குனிந்து தன் காலைப் பார்ப்பது. நானும் பார்த்தேன். பார்ப்பதற்காக அந்த 5 கிலோ முன்னால் போகிறது. அதைச் சரிக்கட்டப் பின்புறம் பின்னால் போகிறது. கட்டைவிரல் பயந்து தரையைக் கவ்வுகிறது. கணுக்கால் உதறுகிறது. அதன்பிறகு நடப்பதற்கு நடனம் என்று பேர் இல்லை.

"கீழே என்ன தேடுகிறீர்கள்?" என்றார் ஆசிரியை.

"என் காலை."

"அது அங்கேதான் இருக்கும். இங்கே திருட்டு பயம் கிடையாது."

அடுத்த முறை வீம்பாக முகவாயைத் தூக்கினேன். அதுவும் கூடாதாம். முகவாய் ஏறினால் பிடரி மடங்கித் தலை பின்னால் சாய்கிறது, பாரம் குதிகாலுக்கு ஓடுகிறது. முகவாய் தன் இடத்தில் இருக்க, கழுத்தின் பின்புறம் மட்டும் நீள வேண்டும். குனிவதோ நிமிர்வதோ கழுத்தின் அடியிலிருந்து வரக் கூடாது, காதுகளுக்கு நடுவேயுள்ள அந்த உச்சி மூட்டிலிருந்து வர வேண்டும். கண், தன் மட்டத்துக்குச் சற்று மேலே, அரங்கத்தின் மாடி இருக்கைகள் இருக்கக்கூடிய உயரத்தில் தங்க வேண்டும். மாடி இருக்கை எனக்குப் பழக்கமான இடம். காவென்ட் கார்டன் ராயல் ஆப்பரா ஹவுஸில் என் சக்திக்கு எட்டிய டிக்கெட் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து கீழே பார்த்துத்தான் பழக்கம், கீழேயிருந்து அங்கே பார்த்ததில்லை.

அங்கே உட்கார்ந்து நான் 'தூங்கும் அழகி' பார்த்திருக்கிறேன். 1890-ல் பீட்டர்ஸ்பர்கில் முதலில் ஆடியது. அதில் இளவரசி அரோராவைப் பெண் கேட்டு நான்கு இளவரசர்கள் வருவார்கள். அவள் ஒரு காலின் விரல் நுனியில் நின்று, மறுகாலைப் பின்னால் மடக்கித் தூக்கி, ஒருவன் கையை விட்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் வளைத்து ஒரு கணம் தனியாக நின்றுவிட்டு, அடுத்தவன் கையைப் பிடிப்பாள். நான்கு பேருக்கும் இப்படியே. நடனக்காரிகளுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது. ஒவ்வொரு முறையும் நான் அவள் காலையே தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். ஆசிரியை சொன்ன பிறகு முகத்தைப் பார்த்தேன். கால் துடிக்கிறது, கணுக்கால் ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. தலை மட்டும் இதில் எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் மேலே இருக்கிறது. பிறந்தநாள் விழாவுக்கு வந்த ஒரு பெண்ணின் முகம். அந்த முகம் கீழே ஒருமுறை பார்த்துவிட்டால் நாலாவது இளவரசன் கல்யாணத்துக்குப் பதில் முதலுதவிதான் செய்ய வேண்டியிருக்கும்.

அந்த முதல் அரங்கேற்றத்தில் கெட்ட தேவதை கரபோஸாகவும் நீலப்பறவையாகவும் இரண்டு வேஷம் கட்டியவர் என்ரிகோ செக்கெட்டி என்ற இத்தாலியர். பிற்பாடு பெரிய வாத்தியார் ஆனார். தலைக்கு அவர் வகுத்த நிலைகள் 5. நேராக, சாய்த்து, திருப்பி, உயர்த்தி, தாழ்த்தி. இதை நான் வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

"எங்களுக்கு ஒன்பது" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கும்பகோணத்தில் சின்ன வயதில் பரதம் படித்தவள். அபிநய தர்ப்பணம் என்ற நூலின் கணக்கில் தலைக்கு 9, கண் பார்வைக்கு 8. கண்ணுக்குத் தனிக் கணக்கா என்று கேட்டேன். "எங்க டீச்சர் கால் அடவுக்கு அடிச்சதைவிடப் பார்வை தப்பினதுக்கு அடிச்சதுதான் ஜாஸ்தி" என்றாள். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், உங்கள் கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவியே முதலில் பாலேதான் படித்தார் என்று எடுத்துவிட்டேன். அதுவும் செக்கெட்டியின் மாணவி அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம். "ஆமா, அந்த பாவ்லோவாதானே உங்க ஊர்க் கலையைப் போய்ப் பாருன்னு அவங்களை அனுப்பிவச்சாங்க" என்று அவள் தாளிப்பைக் கொட்டினாள். சொய்ங் என்ற சத்தத்தில் வழக்கு முடிந்தது.

பார்வைக்கு அடி விழுந்ததில் நியாயம் இருக்கிறது. நிற்பது என்பது மூன்று இடத்திலிருந்து வரும் தகவல்களை வைத்து மூளை நடத்தும் நிர்வாகம். ஒன்று, பாதமும் கணுக்காலும் மூட்டுகளும் அனுப்புவது. இரண்டாவது, உட்காது. அங்கே ஒவ்வொரு பக்கமும் 3 அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதைக் கவனிக்கின்றன, பக்கத்திலேயே நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கின்றன. மூன்றாவது கண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர், தண்டுவடம் கெட்ட சில நோயாளிகள் கண்ணைத் திறந்து வைத்திருக்கும்வரை நின்று, மூடியதும் தள்ளாடுவதைக் கவனித்து எழுதினார். பாதத்திலிருந்து வரும் தகவல் நின்றுபோனதைக் கண் அதுவரை மூடிமறைத்திருக்கிறது. வயது ஏற ஏறக் காலும் காதும் சோம்பலாகின்றன, கண்ணின் தலையில் வேலை கூடுகிறது.

என் கண்ணிலா வேலையைக் கொடுப்பது!

நடனக்காரரின் கண் ஒரு புள்ளியில் தங்கும். குடும்பஸ்தன் கண் எங்கும் தங்காது. நாற்பது வருஷமாக அதற்கு நான் கொடுத்த பயிற்சி, எந்த அறையில் விளக்கு வீணாக எரிகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தப் பால் புட்டிக்குத் தேதி முடிந்துவிட்டது என்று ரோந்து சுற்றுவது. ஆசிரியை, அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள் என்றார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் வகுப்பு முடிய எவ்வளவு நேரம் என்று மனம் கழித்தல் போட ஆரம்பித்தது. கழித்தல் போடும்போது எனக்கு உதடு அசையும், தலை லேசாக ஆடும். விழுந்தேன். ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டரைப் பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோ திறந்திருந்தது! இந்தக் கூடத்துக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்ற கேள்வி எழுந்ததும் ஒற்றைக் காலில் நிற்க எந்த மானஸ்தனாலும் முடியாது. கூரையோரம் ஒரு ஈரக்கறை. அதன் மேல் மூன்று மூச்சு நேரம் நின்றேன். பிறகு அது என் வீட்டு மாடிக் குளியலறைக்கு அடியில் உள்ள கறையை நினைவூட்டியது, பிளம்பர் சொன்ன தொகையை நினைவூட்டியது.

எனக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், தூண் போன்ற மனிதர். ஆனால் அவரும் ஒற்றைக் காலில் நிற்பவர் என்பதை மறந்துவிட்டேன். ஆடுகிற பொருளின் மேல் கண்ணை வைத்தால், நாம்தான் ஆடுகிறோம் என்று மூளை கணக்குப் போட்டு, இல்லாத ஆட்டத்தைத் திருத்தக் கிளம்பிவிடும். அவர் இடது பக்கம் சாய்ந்தார். அவரைத் திருத்த நான் சாய்ந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பியானோவை அடைந்தோம்.

கண்ணாடிச் சுவரும் இருக்கிறது. அதில் தன்னையே பார்ப்பது எல்லாருக்கும் வரும் ஆசை. ஆனால் நாம் ஆடினால் பிம்பமும் நம்மோடு ஆடும், பிடித்து நிற்க அங்கே எதுவும் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று நேர்ந்தது. கண்ணாடியில் நின்றது என் அப்பா. தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து, வெற்றிலைக்குக்கூடக் கணக்கு எழுதியவர், இரண்டு கையையும் தலைக்கு மேல் வட்டமாக வளைத்துக்கொண்டு என்னை முறைத்தார். நான் உடனே கையை இறக்கிவிட்டேன்.

மேடையில் கண்ணாடி கிடையாது என்பது நடனக்காரர்களுக்கே பெரிய பாடம். வகுப்பறையில் பிம்பத்தைப் பிடித்து நின்றவர்கள் மேடைக்குப் போனதும் எதிரே ஒரே இருட்டு, கண்ணில் அடிக்கும் விளக்கு. அதனால்தான் சில அரங்குகளில் பார்வையாளர் பகுதியின் பின்கோடியில், நடுவில், ஒரு சின்ன விளக்கை எரியவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்காக அல்ல, மேடையில் சுழல்கிறவர்களின் கண்ணுக்காக. போதாததற்குச் சில பழைய அரங்குகளில் தரையே சரிவு. பாரிஸின் 'பலே கார்னியே' அரங்கில் மேடை பார்வையாளரை நோக்கி 5 சதவீதம் இறங்குகிறது. கண்ணுக்கு ஒரு புள்ளியும் தலைக்கு ஒரு செங்குத்தும் கைவசம் இல்லாதவர்கள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக இசைக்குழுவின் பக்கம் போய்ச் சேரலாம்.

இனி சுழற்சி. 'பிரூயெட்' என்கிறார்கள். ஒற்றைக் காலில் முழுச் சுற்று. இதில் தலைக்குத் தனிச் சட்டம். உடம்பு திரும்பத் தொடங்கினாலும் முகம் முன்னாலேயே இருக்கும், கண் தன் புள்ளியை விடாது. இனி முடியாது என்ற கட்டம் வந்ததும் தலை வெடுக்கென்று சுழன்று, உடம்பு வருவதற்கு முன்பே அதே புள்ளிக்கு வந்து காத்திருக்கும். கடைசியில் கிளம்பி முதலில் வந்துசேர்வது. இதற்கு 'ஸ்பாட்டிங்' என்று பெயர். ஆசிரியை விளக்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை நான் வீட்டில் வருஷக்கணக்காகச் செய்துவருகிறேன்! டி.வி.யில் கிரிக்கெட். சமையலறையிலிருந்து மனைவி கூப்பிடுவாள். தோள் திரும்பும், இடுப்பு திரும்பும், கால் எழும். கண் மட்டும் பந்து வீச்சாளரை விடாது. கூப்பிடும் குரல் ஒரு குறிப்பிட்ட சுருதியை எட்டிய நொடியில் தலை வெடுக்கென்று திரும்பி, "இதோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்துக்கு முன் திரை முன்னால் வந்து நிற்கும். பாலே உலகம் இதற்குக் கைதட்டுகிறது. எனக்கு வீட்டில் கிடைத்தது வேறு.

இதனால் என்ன பயன் என்றால், தலை பெரும்பாலான நேரம் நின்றுகொண்டிருக்கிறது, உலகம் கண்ணில் கலங்கலாக ஓடுவது ஒரு கண நேரம்தான். எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதும் தொலைவதில்லை. இத்தாலியக்காரி பியரினா லெக்னானி 1893-ல் பீட்டர்ஸ்பர்கில் 'சிண்ட்ரெல்லா'வில் தொடர்ந்து 32 'ஃபுவெட்டே' சுற்றினார். ஒரு காலைக் காற்றில் சாட்டையாக வீசி மறுகாலில் சுழல்வது அது. 1895-ல் 'அன்ன ஏரி'யிலும் அதையே வைத்தார். ரஷ்யர்கள் இதை எப்படிச் செய்கிறாள் என்று துப்புத் துலக்கித்தான் கற்றுக்கொண்டார்கள். ரஷ்யப் பெண்களில் முதலில் 32-ஐ எட்டியவர் மதில்டா க்ஷெஸின்ஸ்கா. பனிச்சறுக்குக்காரர்கள் மட்டும் இந்த வழிக்கு வருவதில்லை. அவர்கள் சுழலும் வேகத்தில் தலையைத் தனியாகத் திருப்ப நேரமிருக்காது.

2013-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 29 பாலே நடனக்காரிகளையும் படகு வலிக்கும் பெண்கள் 20 பேரையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் சுற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தார்கள். நாற்காலி நின்ற பிறகும் சுற்றுவதுபோன்ற உணர்வு நடனக்காரிகளுக்குச் சீக்கிரம் அடங்கியது. மூளையைப் படமெடுத்ததில், உட்காதின் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறியதாக இருந்ததாம்.

"மூளை சின்னதா இருந்தாத் தலை சுத்தாதா?" என்றாள் மனைவி. "அப்போ உங்களுக்கு எப்பவோ வந்திருக்கணுமே!"

வரவில்லை. நான் சுற்றினால் தலை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வீட்டுச் சாமான் லாரியில் போவதுபோல் மொத்தமாகப் போகிறது. தலையைப் பிரித்து வெடுக்கென்று திருப்பினால் மூக்குக்கண்ணாடி மட்டும் வேகமாகப் போய்விடுகிறது. அது ஒரு கதை. என்னுடையது ஒரே வில்லையில் எட்டவும் கிட்டவும் பார்க்கிற வெரிஃபோக்கல். அதன் கீழ்ப்பகுதி வழியாகத் தரையைப் பார்த்தால் தரையே மிதக்கும். காலைப் பார்க்காதே என்று ஆசிரியை சொன்னதன் முழு நியாயம் அப்போதுதான் விளங்கியது. ஒரு நாள் அவர் பொறுமையிழந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள் என்றார்.

கழற்றினேன். உலகம் மாறியது! கடிகாரத்தில் முள் இல்லை, வெள்ளையாக ஒரு வட்டம். ரேடியேட்டர் இருந்த இடமே தெரியவில்லை. கறை, பிளம்பர், பில் எல்லாம் கரைந்துபோயின. மிஞ்சியது, கதவுக்கு மேலே தீ விபத்து வெளியேற்றப் பலகை, பச்சையாக ஒரு மேகம். அதற்குள் ஓடுகிற மனிதன் ஒருவன் இருப்பது நினைவில் இருந்தது. அவனும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறான், பல வருஷமாக, விழாமல். குனிந்து பார்க்க அவனுக்குக் கண்ணே வரையவில்லை. அவனை நோக்கிக் காலைத் தூக்கினேன். கழுத்து நீண்டது. பிடரி இளகியது. கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன், நின்றேன்! பியானோ ஒரு வரியை முடித்து அடுத்ததற்குப் போனது, அப்போதும் நின்றேன். யாரோ கைதட்டினார்கள். பிறகு, கழற்றிய கண்ணாடியை எங்கே வைத்தேன் என்ற கவலை வந்தது. தலை தேடத் திரும்பியது. அந்த 5 கிலோவைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இந்தச் சாதனையைக் கேட்டு மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை, ஆர்வம் வந்தது. "ஒரு நாள் நானும் வரேங்க" என்றாள். வந்தாள். சுடிதாரைப் போட்டுக்கொண்டு, காலில் என் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். ஆசிரியை கம்பியிலிருந்து கையை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். தோள் ஓரிடத்தில், கழுத்து ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். குதிகாலை உயர்த்தினாள். கால் உதறியது, தலை கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு முழுச் சுற்று, முகம் முதலில் வந்து நின்றது. சின்ன வயதில் கும்பகோணத்தில் வாங்கிய அடி வீண்போகவில்லை.

"அற்புதம்" என்றார் ஆசிரியை. "எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்?"

மனைவி என்னைக் காட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இப்படிப் பொதுவெளியில் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

"சோபால பார்த்திருக்கேனே" என்று தமிழில் எனக்கு மட்டும் விளக்கினாள். "வீட்ல உங்களைவிட அசையாத பொருள் எது இருக்கு?"

ஆசிரியைக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவருக்கு விஷயம் எப்படியோ புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் சுழற்சிப் பயிற்சி வந்தால் என்னைக் கூடத்தின் எதிர்க்கோடியில், நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வகுப்பே என்னைப் பார்த்துச் சுற்றுகிறது, அந்த நீதிமன்ற ஊழியர் உட்பட. போன வாரம் அங்கே நின்றபடி, சும்மா நிற்கிறோமே என்று நானும் மெல்ல ஒரு காலைத் தூக்கினேன்.

"என்னங்க, காலைக் கீழ வைங்க!" என்று பாதிச் சுற்றிலிருந்து மனைவி கத்தினாள். "புள்ளி ஆடுது!"